நின்று நின்று போகும் பழைய கார்: குற்றம் எங்கே?

சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலத்தின் நடுவில் ஒரு கார் திடீரென்று நின்றுவிட்டால், அத்தொல்லை அதன் உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. பின்னே பேருந்துகள் வரிசையாகத் தேங்கும். இரு சக்கர வண்டிக்காரர்கள் இடுக்கில் நுழைந்து விபத்தைத் தேடிக்கொள்வர். காரினுள் மருத்துவமனைக்குப் போகும் முதியவர் இருக்கலாம். மணமேடைக்குப் போகும் பெண் இருக்கலாம். அக்கார் ஒரு வாடகைக் காராயின், ஓட்டுநரின் அன்றைய வருமானம் அங்கேயே முடிந்துவிடும். அவர் வீட்டு அடுப்பும் அதனோடு தொடர்புடையது அன்றோ!

நமது பங்குக் குடும்பங்கள் சிலவற்றில் பழைய அம்பாசிடரும் பத்மினியும் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. தந்தை வாங்கியது, தாத்தா ஓட்டியது என்ற பாசத்தால் அவற்றைக் கைவிட மனமில்லாதவர் பலர். அத்தகைய கார்களைப் பற்றிய பொதுவான முறையீடு ஒன்றுண்டு: "ஓடிக்கொண்டே இருக்கிறது; திடீரென்று ஆஃப் ஆகிவிடுகிறது; சற்று நேரம் கழித்துத் தானே கிளம்புகிறது." இம்முறையீட்டைக் கேட்டதும் ஒருவர் காயிலை மாற்றச் சொல்வார், மற்றொருவர் பாயிண்டை மாற்றச் சொல்வார், மூன்றாமவர் கார்புரேட்டரைக் கழற்றுவார். பணம் செலவாகும், நோய் தீராது. விசாரணையின்றித் தீர்ப்பு வழங்கப்படுவதால் குற்றமற்ற உறுப்புகள் பல தண்டனை பெறுகின்றன. முறையான விசாரணை எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

மின்பொறி பிறக்கும் விதம்

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை, சிலிண்டருக்குள் அமுக்கப்படும்போது ஒரு மின்பொறியால் பற்றவைக்கப்படுகிறது. (டீசல் எஞ்சினில் அமுக்கத்தின் வெப்பமே இவ்வேலையைச் செய்துவிடும், ஆதலால் டீசல் அம்பாசிடர் வைத்திருப்போருக்கு இக்கட்டுரை பயன்படாது.) பாட்டரியும் காயிலும் கொண்டு மின்பொறியை உண்டாக்கும் முறையை அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வகுத்தார். அது 1910ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதே முறைதான் 1950களின் இறுதியில் வங்காளத்து உத்தரபாராவில் பிறந்து, 2014 மே மாதம் உற்பத்தி நின்ற அம்பாசிடரிலும் நெடுங்காலம் பயன்பட்டது. பம்பாயில் உருவான பத்மினியிலும், சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் இருந்தது அதுவே. இக்கார்களுக்கான மின்சாதனங்களைச் சென்னை பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும், ஸ்பார்க் பிளக்குகளைப் பெங்களூரில் 1951இல் தொடங்கப்பெற்ற மைகோ நிறுவனமும் தயாரித்து வந்தன.

முறை எளியது. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் சாவி வழியாகக் காயிலுக்குள் வருகிறது. காயிலினுள் இரு சுருள்கள் உண்டு: சில நூறு சுற்றுகளைக் கொண்ட தடித்த கம்பிச் சுருள் ஒன்று, பல ஆயிரம் சுற்றுகளைக் கொண்ட மெல்லிய கம்பிச் சுருள் மற்றொன்று. முதற்சுருளில் ஓடும் மின்சாரம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் 'பாயிண்ட்' என்னும் சிறு கதவின் வழியாக எஞ்சினின் உடலைச் சென்றடைகிறது. அக்கதவு படாரென்று திறக்கும் கணத்தில் மின்னோட்டம் அறுபடுகிறது, காந்தப்புலம் சரிகிறது, இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் எழுகிறது. அவ்வழுத்தம் மையக் கம்பி வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வந்து, சுழலும் ரோட்டாரினால் நான்கு பிளக்குகளுக்கும் 1, 3, 4, 2 என்ற வரிசையில் பங்கிடப்படுகிறது. பாயிண்டுகளுக்குத் துணையாக நிற்கும் கண்டென்சர், அவை திறக்கும்போது அங்கே தீப்பொறி எழாமல் தடுத்து, மின்னோட்டம் சட்டென்று அறுபட உதவுகிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது இச்செயல் நொடிக்கு 100 முறை நிகழ்கிறது. ஆகவே ஓரிடத்தில் தளர்ந்த ஓர் ஆணியோ, உறைக்குள் முறிந்த ஒரு நூலிழைக் கம்பியோ முழு எஞ்சினையும் நிறுத்திவிடுவதில் வியப்பென்ன?

எப்படி நின்றது?

மருத்துவர் முதலில் நோயாளியின் வாய்மொழியைக் கேட்பது போல, காரை ஓட்டியவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'நின்றது எப்படி?' என்பதே.

விளக்கை அணைத்தாற்போல ஒரே கணத்தில் எஞ்சின் அடங்கியதெனில், குற்றம் பெரும்பாலும் மின்பகுதியைச் சார்ந்தது. இழுவை மெல்லக் குறைந்து, இருமி, திணறி, ஓரிரு முறை பிழைத்தெழுந்து, பின் அடங்கியதெனில் பெட்ரோல் வரத்தை ஐயுற வேண்டும். இது முடிந்த தீர்ப்பன்று. விசாரணை தொடங்க வேண்டிய திசை மட்டுமே.

நின்றவுடன் சாவியை அணைக்காமல் பலகையில் உள்ள சிவப்பு இக்னிஷன் விளக்கைப் பாருங்கள். எஞ்சின் நின்று, சாவி போட்டபடி இருக்கையில் அவ்விளக்கு எரிய வேண்டும். அது எரியாமல் ஹாரன் மட்டும் ஒலிக்குமாயின் சாவிச் சுவிட்சையோ அதன் கம்பிகளையோ ஆராய்க. ஹாரனும் ஒலிக்கவில்லை, முகப்பு விளக்கும் எரியவில்லை என்றால் பாட்டரி முனைகளைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பும், தளர்ந்த கவ்வியும் பெரும்பாலும் அங்கே காத்திருக்கும். எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் பட்டைக் கம்பியையும் மறவாதீர்.

பெட்ரோல் பக்கத்தையும் ஒதுக்கிவிடலாகாது. சில கிலோமீட்டர் ஓடியபின் நிற்கும் காரில் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் மூடியின் மூச்சுத்துளை அடைபட்டிருக்கிறது. சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டராயின் காற்று வடிகட்டியை நீக்கி, எஞ்சின் நின்ற நிலையில் ஆக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்தினால் உள்ளே பெட்ரோல் பீச்சுவது கண்ணுக்குத் தெரியும். இக்காலப் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் கெடுக்கக் கூடியது; அவற்றைக் காலத்தில் மாற்றிவிடுதல் நலம்.

ஒரு சிறு விளக்கு செய்யும் பேருதவி

12 வோல்ட் சிறு பல்பு ஒன்றும், இரு முழக் கம்பி இரண்டும் இருந்தால் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பல்பின் ஒரு கம்பியை எஞ்சினின் சுத்தமான இரும்புப் பகுதியில் இணைத்து, சாவியைப் போட்டு, மற்றக் கம்பியால் பின்வருமாறு சோதியுங்கள்.

முதலாவது, சாவியிலிருந்து கம்பி வந்து சேரும் காயில் முனை. இங்கே விளக்கு எரிய வேண்டும். எரியாவிடில் குற்றம் காயிலுக்கு முன்னரே உள்ளது. காயிலை மாற்றுவது வீண் செலவு.

இரண்டாவது, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனை. எஞ்சினை மெல்லச் சுழற்றி, பாயிண்டுகள் திறந்திருக்கையில் விளக்கு எரிய வேண்டும். மூடியிருக்கையில் அணைய வேண்டும். எரிந்து எரிந்து அணையுமாயின் முதற்சுற்றுப் பாதை சீராக உள்ளது. எப்போதும் அணையாமல் எரிந்தால் பாயிண்டுகள் அழுக்கேறியிருக்கும், அல்லது அவற்றின் கம்பி அறுந்திருக்கும். எப்போதும் எரியாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் கம்பியைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு மீண்டும் சோதியுங்கள். இப்போது எரிந்தால் மின்கசிவு டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பெரும்பாலும் கண்டென்சரில், இருக்கிறது. இப்போதும் எரியாவிட்டால்தான் காயிலின் உள்கம்பி அறுந்தது என்று கூறலாம்.

ஆனால், நின்று நின்று போகும் காரில் ஒரு சங்கடம் உண்டு. பட்டறைக்கு வரும்போது அது நன்றாகவே ஓடும்! குற்றவாளி ஒளிந்துகொள்வான். அவனைப் பிடிக்க எளிய வழி ஒன்றுண்டு. பல்பின் கம்பிகளை நீளமாக்கி, காயிலின் சாவிப்பக்க முனையில் இறுக இணைத்து, காருக்குள் கொண்டுவந்து, உடன் வருபவர் கையில் விளக்கைக் கொடுத்துவிடுங்கள். (ஓட்டுபவர் கண் சாலையிலேயே இருக்க வேண்டும்.) கம்பி சூடான குழாயிலோ விசிறியிலோ படாதிருக்கட்டும். எஞ்சின் அடங்கும் அதே கணத்தில் விளக்கும் அணைந்தால் சாவிச் சுவிட்ச், கம்பி, பாட்டரி முனை இவற்றுள் ஒன்றே குற்றவாளி. விளக்கு எரிந்துகொண்டிருக்க எஞ்சின் மட்டும் அடங்கினால் அப்பகுதி முழுவதும் விடுதலை பெறுகிறது. தேடல் காயிலுக்கு அப்பால் செல்கிறது. பத்துச் சாவிகளைக் கோத்த கனமான சாவிக்கொத்து சுவிட்சைத் தேய்த்துத் தளர்த்தி இத்தொல்லையைத் தருவதும் உண்டு.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள்

மூடியைக் கழற்றியதும் பாயிண்டுகளின் முகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாக இருப்பது நலம். கருகி, ஒருபுறம் குழியும் மறுபுறம் மேடுமாக இருந்தால் கண்டென்சரை ஐயுற வேண்டும். புதுப் பாயிண்டை மட்டும் போட்டுவிட்டுப் பழுதுற்ற கண்டென்சரை விட்டுவைத்தால் அப்புதியதும் விரைவில் கருகிப்போகும். இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் தகடு வேண்டும், கண்ணளவு போதாது. பழைய அம்பாசிடர் எஞ்சினுக்குப் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். மற்றக் கார்களுக்கு அவற்றின் கைநூலைப் பார்க்க வேண்டும். நாளடைவில் பாயிண்டின் குதி தேய்ந்து இடைவெளி சுருங்கும்போது, மெதுவான ஓட்டத்தில், சாலைச் சந்திப்பில் நிற்கையில் எஞ்சின் அணைந்துபோவது வழக்கம்.

பலர் காணத் தவறும் இடமொன்று உண்டு. பாயிண்டுகள் பொருத்தப்பட்ட தட்டு, எஞ்சினின் வெற்றிட உறிஞ்சலுக்கேற்பச் சிறிது அசைந்து கொடுப்பது. அதனோடு இணைந்த மெல்லிய இரு கம்பிகள் ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து உறைக்குள்ளேயே முறிந்துபோகும். வெளியே பார்த்தால் முழுமையாகவே தோன்றும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் எஞ்சின் வெட்டி வெட்டி இழுத்தால் இக்கம்பிகளை மெல்ல இழுத்துப் பாருங்கள். முறிந்த கம்பி ரப்பரைப் போல நீளும். டிஸ்ட்ரிபியூட்டர்த் தண்டையும் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்து தண்டு ஆடுமாயின் எத்தனை முறை இடைவெளி வைத்தாலும் நிலைக்காது.

சூடும் ஈரமும்

காயிலுக்கே உரிய நோய் வெப்பத்தில் வெளிப்படும். குளிர்ந்திருக்கையில் நன்றாக இருந்து, அரைமணி ஓடிய பின் உள்கம்பிகளின் காப்புறை தளர்ந்து மின்பொறி மடியும். ஆறியதும் மீண்டும் உயிர் பெறும். திருச்சிராப்பள்ளியின் சித்திரை, வைகாசி வெயிலில் இந்நோய் மிகுதி. ஆனால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகித் தடைபடும் 'வேப்பர் லாக்' நோயும் இதே போல் சூட்டில் வந்து ஆறினால் நீங்கும். இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? ஆறும்வரை காத்திராமல், நின்ற உடனே மின்பொறியைச் சோதிப்பதே வழி.

அருகில் பெட்ரோல் கசிவு இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னர் காயிலிலிருந்து வரும் மையக் கம்பியை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, காப்புறையிட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, அதன் முனை எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளி இருக்குமாறு வைத்து, மற்றொருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். 'பட்பட்' என்று நீலநிறப் பொறி பாய்ந்தால் காயிலும் கண்டென்சரும் பாயிண்டும் அக்கணத்தில் குற்றமற்றவை. பெட்ரோல் பக்கம் செல்க. மஞ்சள் நிறத்தில் மெலிந்து தோன்றினால், அல்லது தோன்றாமலே போனால், முதலில் விலை குறைந்த கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். அதன் பின்னரே காயில். பிழிந்த ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின் மீது மட்டும் சுற்றியதும் எஞ்சின் கிளம்பினால் அது வேப்பர் லாக். இரண்டின் மீதும் ஒரே நேரத்தில் துணி சுற்றினால் சோதனை பயனற்றுப்போகும்.

காயிலை அகால மரணத்திற்கு ஆளாக்கும் பழக்கம் ஒன்றும் உண்டு. பாட்டுக் கேட்பதற்காக எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் போட்டு வைக்கிறோம். அந்நேரம் பாயிண்டுகள் மூடியிருந்தால் காயில் ஓயாமல் சூடேறும். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைத்தல் நன்று.

சூட்டின் மறுபுறம் ஈரம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த திருவரங்கத்தில் மார்கழிப் பனிக்கும் ஐப்பசி மழைக்கும் பஞ்சமில்லை. 1977 நவம்பர்ப் புயல் மழையில் திருச்சி நகரமே வெள்ளத்தில் மிதந்ததை முதியோர் இன்றும் சொல்வர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் படியும் ஈரத்தின் வழியாக உயர் அழுத்த மின்சாரம் தவறான பாதையில் ஓடி, பென்சிலால் கோடிட்டது போன்ற கருங்கீற்றை விட்டுச் செல்லும். ஒருமுறை அக்கீற்று விழுந்தால் துடைத்துப் பயனில்லை. மூடியை மாற்றவே வேண்டும். வெறும் ஈரமானால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மூடியின் நடுவிலுள்ள சிறு கரித்துண்டு தேய்ந்துவிட்டதா, ரோட்டாரில் மயிரிழை விரிசல் உண்டா என்பவற்றையும் பாருங்கள். பிளக் கம்பிகளின் கசிவைக் கண்டறிய இருட்டே சிறந்த கருவி. இரவில் விளக்குகளை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, தள்ளி நின்று நோக்கினால் கசியும் இடத்தில் நீலப்பொறி ஓடுவது தெரியும். புடைவைத் தலைப்பும் வேட்டி முனையும் விசிறிக்கு எட்டாதிருக்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடல் உயிருக்கே ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

தோமையாரின் பாடம்

பட்டறை வேலையில் ஒரு பொன்விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்று உறுப்புகளை ஒன்றாக மாற்றி, கார் ஓடிவிட்டால், எது குற்றவாளி என்பது என்றுமே தெரியாது. மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கி, இன்ன நாளில் மாற்றியது என்று குறித்து வையுங்கள். நல்ல மெக்கானிக் அதைத் தவறாக எண்ணமாட்டார். கேள்வி கேட்கும் உரிமையாளரை அவர் மதிப்பார். தென்னிந்திய ரயில்வேயின் பொன்மலைத் தொழிற்கூடம் 1928இல் எழுந்த நாள் தொட்டு, எந்திரங்களோடு பழகிய கைகளுக்கு நமது ஊரில் குறைவில்லை. அக்கைகளின் உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுக்க நாமும் தயங்கலாகாது. குற்றத்தைக் கண்டுபிடிக்கச் செலவான ஒரு மணி நேரமும் உழைப்பே. மாற்றிய உறுப்பின் விலை மட்டுமே கூலியாகாது. இதை நாம் மறந்ததாலன்றோ, கண்டுபிடிப்பதைவிட மாற்றிவிடுவதே இலாபம் என்ற நிலை பட்டறைகளில் வந்தது!

நம் நாட்டுக்கு நற்செய்தி கொணர்ந்த அப்போஸ்தலரான தோமையார், தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றார். விசுவாச வாழ்வில் ஆண்டவர் அவரை அன்போடு திருத்தினார். ஆயின் பட்டறையில் அக்குணம் ஒரு நற்குணமே. நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு நல்ல ஆத்தும சோதனை முதற்படியாவது போல, நல்ல பழுதுபார்ப்புக்கு நல்ல சோதனையே முதற்படி. 'எல்லாம் கெட்டுவிட்டது' என்று பொதுவாகப் புலம்புவதால் ஆன்மாவும் திருந்தாது, எஞ்சினும் திருந்தாது.

செப்டம்பர் 8ஆம் நாள் ஆரோக்கிய அன்னையின் திருவிழாவிற்கு நம் குடும்பங்கள் தஞ்சை, நாகை வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பயணம் செய்கின்றன. பலருடைய கார்களில் பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரின் சுரூபம் இருக்கும். புனிதரின் பரிந்துரையை நாடுவது நன்று. புறப்படும் முன் பாயிண்டையும் பாட்டரி முனையையும் பார்ப்பதும் அதே விசுவாசத்தின் பகுதியே. கூடவே ஒரு பாயிண்ட் செட், ஒரு கண்டென்சர், ஒரு ரோட்டார், சிறு பல்பு, உப்புத்தாள் ஒரு துண்டு ஆகியவற்றை ஒரு டப்பாவில் வைத்திருங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும் கார் நின்றுவிட்டால், முதற்கடமை காரைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. காரை ஓரமாகத் தள்ளுங்கள்; எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னே தொலைவில் வையுங்கள்; பிள்ளைகளையும் முதியோரையும் சாலையின் வெளிப்புறமாக இறக்கி நிறுத்துங்கள்; அதன் பிறகே பானெட்டைத் திறங்கள். 2007ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டியில் ஓட்டுநர்க்கான பத்துக் கட்டளைகள் கூறப்பட்டன. சாலை மனிதரை இணைக்கும் வழியாக விளங்க வேண்டும், எளியோரைச் சாலையில் காக்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். பாலத்தின் நடுவே நின்றுபோன ஒரு பழைய காரைக் கண்டால் ஹாரனை அழுத்தி விரட்டாமல், இறங்கி ஒரு கை கொடுத்துத் தள்ளுவதும் அக்கட்டளைகளைக் கடைப்பிடிக்கும் வழியே. கையில் ஒரு சிறு பல்பும் இரண்டு முழக் கம்பியும் இருந்தால், அந்த உதவி இன்னும் சற்று நீளும்.